நாற்பது கிராம் குறைவு

டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளை நேராக வைத்து ஒரு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். தாளில் எதுவும் மாறியிருக்கவில்லை.

“பெரியவரோட ரத்தத்துல காரீயம் இருக்கு” என்றார்.

“எவ்வளவு?” என்று கேட்டார் பெரியவர். முப்பத்தேழு வருஷம் மொத்த வியாபாரம் செய்தவர். எதைச் சொன்னாலும் எவ்வளவு என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

“அளவைப் போல ஆறு மடங்கு.”

“அளவு எவ்வளவு?”

“இருக்கவே கூடாதுங்கறதுதான் அளவு.”

“அப்ப ஆறு மடங்குன்னு எப்படி வரும்? ஒண்ணுமில்லாததை ஆறால பெருக்கினாலும் ஒண்ணுமில்லதானே டாக்டர்?”

டாக்டர் இவரிடம் பேசிப் பயனில்லை என்று முடிவு செய்து பெரியவரின் மகள் பக்கம் திரும்பினார்.

“வயித்து வலி, மலச்சிக்கல், கை கால் அசதி. சரிதானே? கூடவே எரிச்சல், எடுத்ததுக்கெல்லாம் கோபம். அது எப்பலேருந்து?”

“நான் பொறந்ததுலேருந்து டாக்டர்.”

“சமீபத்துல ஏதாவது அதிகமாச்சா?”

“அதுக்கு மேல இடமில்லையே.”

டாக்டர் எழுதிக்கொண்டார். “இப்பெல்லாம் சத்து மாத்திரை, சத்துத் தூள்னு எதை எதையோ சாப்பிடறாங்க. அதுல இந்த மாதிரி நஞ்சு கலந்து வர்றது உண்டு. இவர் ஏதாவது சாப்பிடறாரா?”

மகள் காலடியில் இருந்த பையைத் தூக்கி மேசைமேல் வைத்தாள். ஒவ்வொரு டப்பாவாக வெளியே வந்தது. மூட்டுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று, ஞாபகசக்திக்கு இரண்டு. ஒன்றைச் சாப்பிட்டது மறந்துபோனால் மற்றொன்றைச் சாப்பிடலாம் என்று வாங்கியது. மொத்தம் பதினோரு டப்பாக்கள். கடைசியாக வந்தது எல்லாவற்றிலும் பெரியது: அரைக் கிலோ எலும்பு உறுதித் தூள்.

அந்த டப்பாவைப் பார்த்ததும், இதுவரை ஓரமாக உட்கார்ந்து சுவரில் இருந்த கண் பரிசோதனை எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்த மருமகன் படிப்பதை நிறுத்தினார்.

டப்பாவின் மேல் தங்க நிறத்தில், ‘ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது, முற்றிலும் பாதுகாப்பானது’ என்று அச்சடித்திருந்தது. அதன் கீழே ஒரு கையெழுத்து. அது அவருடைய கையெழுத்து.

மருமகனுக்கு உணவுப் பொருள் ஆய்வகத்தில் வேலை. எந்தத் திரவத்தையும் சொட்டுச் சொட்டாக எண்ணித்தான் விடுவார் என்பதால் அங்கே அவருக்குச் சொட்டு என்று பெயர். எதிரே நின்றுகொண்டே அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆறு மாதம் முன்பு இந்தத் தூளைச் சோதித்துச் சுத்தம் என்று சான்றிதழ் கொடுத்தவர் அவர்தான். கம்பெனிக்காரன் அந்தக் கையெழுத்தைப் படம் பிடித்து ஊர் முழுக்க டப்பாவில் ஒட்டுவான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

“இதுல எதுல காரீயம் இருக்குன்னு கண்டுபிடிக்கணும்” என்றார் டாக்டர். “ஆய்வகத்துல யாராவது தெரிஞ்சவங்க இருக்காங்களா?”

மனைவி கணவனைப் பார்த்தாள். கணவன் மறுபடி கண் பரிசோதனை எழுத்துகளைப் படிக்க ஆரம்பித்தார். கடைசி வரி அவருக்குத் தெரியவில்லை.

*

நான்கு மாதம் முன்பு மாமியார் இளைய மகளின் பிரசவத்துக்காக வேறு ஊருக்குப் போனார். மாமனாருக்குத் தனியாக இருந்தால் வெந்நீர்கூட அடிப்பிடிக்கும். எனவே மூத்த மகள் வீட்டுக்கு வந்துவிட்டார். வந்த அவசரத்தில் மாற்றுத் துணி எடுத்துவர மறந்திருந்தார். தராசை மறக்கவில்லை. பித்தளைத் தட்டு இரண்டு, எடைக்கல் ஏழு, எல்லாம் ஒரு மரப்பெட்டிக்குள் இருந்தன.

“ஓய்வு எடுக்கத்தானே வந்தீங்க, இது எதுக்கு மாமா?” என்று சொட்டு அன்றைக்கே கேட்டார்.

“ஓய்வு எனக்குத்தான் மாப்பிள்ளை. உலகத்துல திருடறவன் எவனும் ஓய்வு எடுக்கலையே.”

கவனித்துக்கொள்ள மனைவி பக்கத்தில் இல்லை. உடம்பைத் தானே கவனித்துக்கொள்ள வேண்டும் என்று மாமனார் சத்து டப்பாக்களை வாங்கத் தொடங்கினார். வாங்கி வந்ததும் முதல் வேலை நிறுப்பது. டப்பாவோடு நிறுத்தால் டப்பாவின் எடையும் சேரும். காகிதம் போட்டால் காகிதத்தின் எடையும் சேரும். எனவே தூளோ மாத்திரையோ, நேராகத் தட்டில் கொட்டுவார். எடைக்கல்லை மறு தட்டில் வைத்து, அது சரியாக உட்காரும்படி ஒரு திருகு திருகுவார். பிறகு கல் இருந்த தட்டுக்குத் தூளையும், தூள் இருந்த தட்டுக்குக் கல்லையும் மாற்றி இன்னொரு முறை நிறுப்பார்.

“ஒரு தட்டை நம்பினவன் கெட்டான் மாப்பிள்ளை. தட்டு மாத்தி நிறுத்தாத்தான் தராசு யோக்கியமா இல்லியான்னு தெரியும்.”

சொட்டு அசந்துபோனார். ஆய்வகத்திலும் இதே முறைதான். அந்த உற்சாகத்தில், “எங்க ஆய்வகத்துல எடைக்கல்லைக் கையாலயே தொட மாட்டோம் மாமா. விரல் அழுக்குகூட எடையை மாத்திரும்” என்று சொல்லிவைத்தார். அன்றிலிருந்து மாமனார் தன் எடைக்கற்களை வேறு யாரையும் தொட விடுவதில்லை. தானும் ஒரு துண்டால் பிடித்துத்தான் எடுப்பார். துண்டில் பென்சில் தேய்த்தது மாதிரி சாம்பல் கறை படிந்து போகவே மாட்டேன் என்கிறது என்று மகள் துவைக்கும்போதெல்லாம் புலம்புவாள்.

நிறுத்து முடித்ததும் மாமனார் சொல்லும் தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான்.

“நாப்பது கிராம் குறையுது!”

அரைக் கிலோ டப்பா எதை எடுத்தாலும் நாற்பது கிராம் குறைந்தது. மாமனார் மருந்துக் கடைக்குப் போய், பன்னிரண்டு டப்பா வாங்கினால் குறைந்த எடைக்கு ஈடாக ஒரு டப்பா இனாமாகத் தரவேண்டும் என்று வாதாடி வென்றார். அவர் கடையை விட்டுப் போனால் போதும் என்று கடைக்காரர் ஒப்புக்கொண்டார். அப்படி வென்று வந்த டப்பாக்கள் வீணாகக்கூடாது அல்லவா? ஒரு கரண்டி சாப்பிட வேண்டிய இடத்தில் மூன்று கரண்டி சாப்பிட்டார்.

*

பதினோரு டப்பாக்களிலிருந்தும் ஒவ்வொரு பொட்டலம் மடித்து எடுத்துக்கொண்டு சொட்டு ஆய்வகத்துக்குப் போனார். அவருடைய திட்டம் எளியது. சத்தமில்லாமல் தானே சோதிப்பது. எலும்புத் தூளில் ஒன்றுமில்லை என்று தெரிந்துகொள்வது. நிம்மதியாக மற்றப் பத்தில் குற்றவாளியைத் தேடுவது.

ஆனால் ஆய்வகத்தில் எந்தப் பொருளும் பெயரோடு உள்ளே வராது. படிவம் நிரப்பி வாசலில் கொடுக்க வேண்டும். பெயரை உறையில் போட்டு ஒட்டிவிட்டு வெறும் எண்ணை மட்டும் உள்ளே அனுப்புவார்கள். சோதிக்கிறவருக்கு அது யாருடையது, எந்தக் கம்பெனி என்று எதுவும் தெரியக்கூடாது. இந்த விதியை ஒன்பது வருஷம் முன்பு கொண்டுவந்தவர் சொட்டுதான்.

படிவத்தில் பெயர் என்ற இடத்தில் ‘பொதுமக்கள்’ என்று எழுதிக் கொடுத்தார். அது தன் மேசைக்கே வரும் என்று நினைத்தார். வரவில்லை. அன்றைக்கு முறை எதிர்மேசை மேடத்துடையது.

எதிர்மேசை மேடம் வேலையில் கெட்டிக்காரி. ஒரு பொருளைக் கொடுத்தால் அதில் என்ன இருக்கிறது என்று மட்டுமல்ல, என்ன இருந்திருக்கலாம் என்றும் சொல்லிவிடுவார். சாயங்காலம் கையுறையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

“பதினொண்ணுலயும் காரீயம் சார்!”

“பதினொண்ணுலயுமா?” என்றார் சொட்டு.

“மாத்திரைல கொஞ்சம். தூள்ல ஏராளம். அதுலயும் ஏழாம் நம்பர் இருக்கே, அது என்ன தூளோ தெரியல, எவன் சுத்தம்னு சர்டிபிகேட் குடுத்தானோ தெரியல, அவனை நிக்க வெச்சுக் கேக்கணும்.”

ஏழாம் நம்பர் என்ன தூள் என்று சொட்டுக்குத் தெரியும். எவன் என்றும் தெரியும்.

“இயந்திரம் சரியா இருந்ததா மேடம்?”

“மூணு தடவை ஓட்டினேன். வெத்துத் தண்ணியை ஓட்டினேன், சுத்தம். இது ஒரு கம்பெனி வேலையில்ல சார். பதினோரு கம்பெனி! பெரிய கூட்டுச்சதி!”

மேடம் ஆய்வகத் தலைவரின் அறைக்குப் போகிற வேகத்தைப் பார்த்ததும், வாயை மூடிக்கொண்டு மாமனாருக்கு விளக்கெண்ணெய் கொடுத்திருக்கலாம் என்று சொட்டுக்குத் தோன்றியது.

*

ஆய்வகத் தலைவர் அதிகம் பேசாதவர். பேசாமலே ஆளைக் கீழே தள்ளுவதில் பெயர் பெற்றவர். பதினோரு பொருள்களின் விற்பனையையும் உடனே நிறுத்தும்படி கடிதம் தயார் செய்தார்; உறையைப் பிரித்துப் பெயர்களை எழுதுவது மட்டும் பாக்கி. கடிதம் போனால் பத்திரிகையில் வரும். பத்திரிகையில் வந்தால் டப்பாவின் படம் வரும். டப்பாவின் படத்தில் சொட்டின் கையெழுத்து தங்க நிறத்தில் வரும்.

சொட்டு ஒரு நாள் அவகாசம் கேட்டார். ஓடினார். மாமனார் வாங்கும் அதே கடையில், அதே தயாரிப்புத் தொகுதி எண் போட்ட பதினோரு டப்பாக்களையும் வாங்கி வந்து, இந்த முறை தன் கையாலேயே சோதித்தார். எடை முதற்கொண்டு எல்லாம் குறித்தார். எலும்புத் தூள், எடை சரியாக ஐந்நூறு கிராம். காரீயம் இல்லை. மற்றப் பத்திலும் இல்லை.

உலகத்திலேயே இனிமையான சொல் ‘இல்லை’ என்பதுதான் என்று அவர் அன்றைக்குத் தெரிந்துகொண்டார். தாளையும் எலும்புத் தூள் டப்பாவையும் எடுத்துக்கொண்டு தலைவரிடம் போனார்.

“கடையில இருக்கறது எல்லாம் சுத்தம் சார். கம்பெனிங்க மேல தப்பில்ல. என் சான்றிதழ்லயும் தப்பில்ல.”

தலைவர் தாளைப் படித்தார். “நல்லது” என்றார். சொட்டு மூச்சு விட்டார்.

“அப்ப யாரோ ஒரு வீட்டுல வெச்சுக் கலந்திருக்காங்க” என்றார் தலைவர்.

சொட்டு விட்ட மூச்சைத் திரும்ப இழுத்துக்கொண்டார்.

தலைவர் ஒட்டிய உறையைப் பிரித்து உள்ளேயிருந்த படிவத்தை எடுத்தார். ‘பொதுமக்கள்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்தார். எலும்புத் தூள் டப்பாவை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். கையெழுத்தையும் பார்த்தார். இரண்டையும் பார்த்துவிட்டுச் சொட்டைப் பார்த்தார்.

“யார் வீடு?”

“என் வீடு சார்.”

“சாப்பிட்டது?”

“என் மாமனார்.”

“உங்களுக்கும் அவருக்கும் எப்படி?”

“எல்லா மாமனார் மருமகன் மாதிரிதான் சார்.”

தலைவர் அதைக் குறித்துக்கொண்டார். சொன்ன பதிலைச் சொட்டு திரும்பப் பெற விரும்பினார். மை காய்ந்துவிட்டது.

“காரீயக் கரைசல் எந்த அலமாரில இருக்கு?”

“என் அலமாரிலதான் சார். சோதனைக்கு வேணுமே.”

“சாவி?”

சொட்டு சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். காரணம் தெரிகிற வரைக்கும் எந்தச் சோதனையிலும் கைவைக்க வேண்டாம் என்று தலைவர் சொன்னார். அது தண்டனை இல்லை, வெறும் முன்னெச்சரிக்கை என்றும் சொன்னார். பதினைந்து வருஷ வேலையில் அவர் சொட்டிடம் ஆறுதலாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அதனாலேயே சொட்டு அதை நம்பவில்லை.

*

சேதி வீட்டுக்கு வந்தபோது மாமனார் கோபப்படவில்லை. உற்சாகம்தான் பட்டார்.

“மாப்பிள்ளை என்னைக் கொல்லப் பாக்கறாரா? பரவாயில்லையே! இவருக்கு இவ்வளவு சாமர்த்தியம் இருக்கும்னு நான் நினைக்கவே இல்ல.”

“அப்பா!” என்றாள் மகள்.

“கொன்னாலும் அதுல ஒரு நேர்த்தி இருக்கு பாரு. சொட்டுச் சொட்டா. அவசரமே இல்லாம.”

“அவர் அப்படிப்பட்டவர் இல்லப்பா.”

“நானும் அதைத்தாம்மா பதிமூணு வருஷமா சொல்றேன். எதுக்கும் லாயக்கு இல்லன்னு.”

சொட்டு கையை உயர்த்தினார். “மாமா, நீங்க இனி பழைய டப்பா எதையும் தொடக்கூடாது. டாக்டர் எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லிட்டாரு.”

“எலும்புத் தூளை நிறுத்த முடியாது. இனாமா வாங்கினது இன்னும் மூணு டப்பா இருக்கு.”

அரை மணி நேரம் பேரம் நடந்தது. கடைசியில் பழைய டப்பா எல்லாவற்றையும் வெளியே போடுவதென்றும், அதற்குப் பதிலாக ஆய்வகத்தில் சோதித்துச் சுத்தம் என்று கண்ட டப்பா ஒன்றைச் சொட்டு கொண்டுவந்து கொடுப்பதென்றும், அதை இரும்பு அலமாரியில் பூட்டிச் சாவியைச் சொட்டு தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதென்றும், காலையில் தன் கையாலேயே ஒரு கரண்டி எடுத்துக் கொடுப்பதென்றும் ஒப்பந்தம் ஆனது. இதில் சொட்டுக்கு ஒரு லாபமும் இருந்தது. பூட்டிவைத்த டப்பா சுத்தமாகவே இருந்தால், வீட்டில் யாரோ வெளியாள் கைவைத்திருக்கிறான் என்று நிரூபிக்கலாம், வேலை பிழைக்கும்.

“ஒரே ஒரு நிபந்தனை” என்றார் மாமனார். “பூட்டறதுக்கு முன்னால நான் நிறுத்துப் பாப்பேன்.”

“தாராளமா.”

மாமனார் தூளைத் தட்டில் கொட்டினார். கல்லைத் துண்டால் எடுத்து மறு தட்டில் வைத்துத் திருகினார். தட்டு மாற்றினார். புருவத்தைச் சுருக்கினார்.

“இதுல நாப்பத்தஞ்சு குறையுது!”

“அஞ்சு கிராம் நான் சோதனைக்கு எடுத்தேன் மாமா.”

“பாத்தீங்களா! அந்த அஞ்சு கிராமைக்கூட என் தராசு பிடிச்சிருச்சு பாத்தீங்களா! சரி, பாக்கி நாப்பது எங்க போச்சு?”

ஆய்வகத்தில் நிறுத்தபோது ஐந்நூறு இருந்தது சொட்டுக்கு நினைவு வந்தது. ஒருவேளை மாமனாரின் கல் பழசாகித் தேய்ந்திருக்குமோ என்று யோசித்தார். தேய்ந்த கல் எடை குறைந்துதானே போகும்? அப்படியானால் தூள் கூடுதலாக அல்லவா தெரியவேண்டும்? கணக்கு இடிக்கிறதே என்று அவருடைய மூளையின் ஒரு மூலை சொல்லிற்று. ஆனால் மாமனாரிடம் போய் உங்கள் எடை தப்பு என்று சொல்வதற்கு வேறு ஒரு மருமகன் பிறந்து வரவேண்டும். அவர் அந்த மூலையை வாயை மூடச் சொன்னார்.

வீட்டில் இருந்த குடிநீர், கரண்டி, தம்ளர், அலமாரியின் வண்ணப்பூச்சு, சுவர்ச் சுண்ணாம்பு என்று ஒவ்வொன்றிலிருந்தும் துளி துளி எடுத்துப் பொட்டலம் கட்டி வெளி ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பினார். எல்லாமே சுத்தம் என்று வந்தது. தராசை மட்டும் அனுப்பவில்லை. அந்த வீட்டில் விதிப்படி நடக்கிற ஒரே காரியம் அதுதான் என்பது அவர் எண்ணம்.

மனைவி மூன்று நாளாக அவர் கொடுத்த காபியைக் குடிக்காமல் ஆறவைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னை நம்பலையா?”

“நம்பறேங்க. சூடா இருக்கு, அதான்.”

“நேத்து?”

“நேத்தும் சூடுதான்.”

சொட்டுக்கு ரோஷம் வந்தது. மறுநாள் காலை மாமனாருக்கு ஒரு கரண்டி தூள் கொடுத்தபோது, மனைவி பார்க்கத் தானும் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அதற்கடுத்த நாளும் போட்டுக்கொண்டார். “இதுல நான் விஷம் வெச்சிருந்தா நானே சாப்பிடுவேனா?” என்று கேட்டார்.

“ஒரு கரண்டி போதுமா மாப்பிள்ளை?” என்றார் மாமனார். “உங்க எலும்பைப் பாத்தா மூணு கரண்டிக்குக் குறைஞ்சு பத்தாது போலிருக்கே.”

சொட்டு மூன்று கரண்டி போட்டுக்கொண்டார்.

*

பத்து நாள் கழித்து எதிர்மேசை மேடமே வந்து அலமாரியிலிருந்த தூளில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போனார். கூடவே சொட்டின் ரத்தமும் போனது.

தூளில் காரீயம் இருந்தது. சொட்டின் ரத்தத்திலும் இருந்தது.

“சுத்தமா இருந்த டப்பா” என்றார் தலைவர். “பூட்டின அலமாரி. ஒரே சாவி. அது உங்க சட்டைப்பையில.”

“ஆனா நானே சாப்பிட்டேனே சார்! என் ரத்தத்தைப் பாருங்க!”

“தன் மேல சந்தேகம் வரக்கூடாதுன்னு குற்றவாளிங்க அப்படிச் செய்யறது வழக்கம்னு படிச்சிருக்கேன்.”

“என்னையே கொன்னுக்கிட்டா?”

“கொஞ்சமா” என்றார் தலைவர். “அளந்து. அதுல நீங்க கெட்டிக்காரர்தானே சொட்டு?”

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவனுக்குக்கூட, குடைகிறது என்று கத்தச் சுதந்திரம் உண்டு. சொட்டுக்கு அதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை தலைவர் நேரில் வீட்டுக்கு வந்து விசாரிப்பார் என்றும், அதன் பிறகு விஷயம் போலீசுக்குப் போவதா வேண்டாமா என்று அங்கேயே முடிவாகும் என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

அன்றைக்குத்தான் மனைவி தன் அம்மாவுக்குப் போன் செய்தாள். இதுவரை சொல்லக்கூடாது என்று அப்பா தடுத்து வைத்திருந்தார்.

“அம்மா, அப்பாவுக்கு உடம்பு சரியில்ல. ரத்தத்துல காரீயமாம். அவருக்கும்தான். வேலைகூடப் போயிடும்போல இருக்கு. நீ வந்துட்டுப் போயேன்.”

அந்தப் பக்கம் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு ‘உடம்பு சரியில்ல’ என்பதும் ‘வா’ என்பதும்தான் கேட்டது.

*

வெள்ளிக்கிழமை கூடத்து மேசையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள். தலைவர் முன்னால் ஒரு கோப்பு. கோப்புக்குள் சொட்டைத் தற்காலிக வேலைநீக்கம் செய்யும் உத்தரவு, கையெழுத்து மட்டும் பாக்கி. எதிர்மேசை மேடம் சீல் வைத்த புது எலும்புத் தூள் டப்பா ஒன்றையும், சின்ன மின்தராசு ஒன்றையும் கொண்டுவந்திருந்தார். சொட்டு ஒரு மூலையில் தன்னுடைய சொந்த நாற்காலியில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

“உங்களுக்கு யார் மேலயாவது சந்தேகம் இருக்கா ஐயா?” என்று தலைவர் மாமனாரைக் கேட்டார்.

“இருக்கு.”

சொட்டு கண்ணை மூடிக்கொண்டார்.

“அந்தக் கம்பெனிக்காரங்க மேல! அத்தனையும் திருட்டுப் பசங்க. டப்பாவுக்கு நாப்பது கிராம் அடிக்கறவன் விஷம் வைக்க மாட்டானா? எடையில கைவெச்சவன் எதுலயும் கைவெப்பான் சார். என் அனுபவம் அது.”

தலைவர் முதல் முறையாக ஆர்வம் காட்டினார். “நாப்பது கிராம் குறையுதா?”

“கண்ணால பாருங்க!”

மாமனார் எழுந்தார். மரப்பெட்டி வந்தது. தராசு வந்தது. மேடம் கொண்டுவந்த புது டப்பாவின் சீலை எல்லோர் முன்னாலும் உடைத்தார். தூளைத் தட்டில் கொட்டினார். அரைக் கிலோ கல்லைத் துண்டால் பிடித்து மறு தட்டில் வைத்து ஒரு திருகு திருகினார். கல் இருந்த தட்டு கீழே போனது. தட்டு மாற்றினார். மறுபடியும் கல் இருந்த தட்டுதான் கீழே போனது. சின்னக் கற்களைத் தூளின் பக்கம் ஒவ்வொன்றாக வைத்துச் சமன் செய்தார்.

“நாப்பது!” என்றார், மேளம் அடித்து முடித்தவர் மாதிரி.

“காலைல நான் நிறுத்தப்ப ஐந்நூறு இருந்துச்சே” என்றார் மேடம். தட்டிலிருந்த தூளை மின்தராசுக்கு மாற்றினார். ஐந்நூறு என்று பச்சை எழுத்தில் வந்தது.

“உங்க மெஷினு பொய் சொல்லுது.”

“ஆய்வகத்து மெஷின் ஐயா அது.”

“பேட்டரி போட்டாத்தான் உண்மை பேசும்னா அது என்னம்மா உண்மை? நான் முப்பத்தேழு வருஷம் வியாபாரம் பண்ணினவன். ஒருத்தன், ஒரே ஒருத்தன், என் எடையில குறைன்னு சொல்லியிருப்பானா? மடியில கனம் இல்ல. அதனால எனக்கு வழியில பயம் இல்ல. பயம் இருக்கறவங்க அங்க மூலைல உக்காந்திருக்காங்க.”

எல்லோரும் மூலையைப் பார்த்தார்கள். மூலையில் சொட்டு கையைப் பிசைந்துகொண்டிருந்தார். பார்ப்பதற்கு அப்படியே குற்றவாளி மாதிரி இருந்தது.

தலைவர் பெருமூச்சு விட்டுக் கோப்பைத் திறந்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார்.

“சார், ஒரு நிமிஷம்…” என்றார் சொட்டு.

“சொல்லுங்க. இந்த டப்பாவுக்குள்ள காரீயம் எப்படிப் போச்சு?”

பதினைந்து வருஷமாகக் கோடியில் ஒரு பங்கு விஷத்தைக்கூடப் பிடித்துவிடுகிற சொட்டு, தன் வீட்டுக் கூடத்தில் அரைக் கிலோ கனத்துக்கு உட்கார்ந்திருந்த விடையைப் பார்த்துக்கொண்டே தலை குனிந்தார்.

பேனா தாளைத் தொடப் போகிற நேரத்தில் வாசல் கதவு திறந்தது. மாமியார் ஒரு கையில் துணிப்பையும் மறு கையில் குடையுமாக உள்ளே வந்தார். பேருந்தில் ஆறு மணி நேரம் நின்றுகொண்டு வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. கூடத்தில் இருந்த அந்நியர்களைப் பார்த்தார், கணவர் உயிரோடு நிற்பதைப் பார்த்தார், கவலை நீங்கினார். பிறகு மேசைமேல் இருந்த தராசைப் பார்த்தார். யாரும் தொடக்கூடாத அந்த அரைக் கிலோ கல்லை, வெங்காயம் எடுப்பதுபோல வெறும் கையால் எடுத்தார். உள்ளங்கையில் ஒருமுறை ஏற்றி இறக்கினார். கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். விரலில் ஒட்டிய சாம்பல் கறையைத் துணிப்பையில் துடைத்துக்கொண்டார்.

“என்னங்க இது, அவசரத்துல பெட்டியை மாத்தித் தூக்கிட்டு வந்துட்டீங்களா? விக்கறதுக்கு வெச்சிருந்த கல்லு அங்க நம்ம பரண் மேலயே இருக்கு; இது சரக்கு வாங்கறப்ப வைக்கறதுக்குன்னு நீங்க உக்காந்து அடியில காரீயம் ஊத்தின கல்லாச்சே!”